பிக்கப்பில் டிரெய்லரை மட்டமாகப் பூட்டுவது: முதல் முறை இழுப்பவர்களுக்கு

என் பெரியப்பா திருமங்கலம் பக்கம் பார வண்டி ஓட்டியவர். பருத்தி மூட்டை ஏற்றும்போது வண்டியின் பின்னால் நிற்க மாட்டார். முன்னால் போய் நுகத்தடியைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பார். லேசாகக் கையை அழுத்தினால் சரி. நுகம் தானாக மேலே எழும்பினால் பின்பாரம், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கிவிடும். தூக்கவே முடியாமல் கனத்தால் முன்பாரம் அதிகம், மாடு சீக்கிரமே சோர்ந்துவிடும். "ரெண்டு மூட்டைய முன்னால தள்ளுடா" என்பார். தள்ளியதும் மறுபடி தூக்கிப் பார்ப்பார். அது முடியாமல் மாட்டைப் பூட்டவே விட மாட்டார்.

நான் இப்போது பிக்கப்பின் பின்னால் ஒரு சிறிய கேரவன் டிரெய்லரை இழுக்கிறேன். கேரவன் என்றதும் நம் ஊரில் படப்பிடிப்பில் நிற்கும் பெரிய வண்டிதான் நினைவுக்கு வரும். நான் சொல்வது எஞ்சின் இல்லாத, இரண்டு சக்கரத்தில் ஓடும், படுக்கையும் சின்ன அடுப்படியும் உள்ள இழுவைப் பெட்டி. இதைப் பூட்டுவதிலும் பெரியப்பாவின் நுகத்தடிக் கணக்குதான் அடிப்படை. உணவுக் கடை டிரெய்லர், ஜெனரேட்டர் டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

மட்டம் என்றால் எது?

வண்டியைப் பக்கவாட்டில் நின்று பார்த்து, பின்பக்கம் தொங்காமல் இருந்தால் மட்டம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் பார்க்க வேண்டியவை இரண்டு. டிரெய்லரின் தளம் தரைக்கு இணையாக நிற்க வேண்டும். இது கண்ணுக்குத் தெரியும். பிக்கப்பின் முன்சக்கரங்கள் தங்கள் பாரத்தை இழக்காமல் இருக்க வேண்டும். இது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உயிரைக் காப்பது இதுதான். ஸ்டீயரிங் திருப்புவதும், பிரேக்கில் பெரும்பங்கு பிடிப்பதும் முன்சக்கரங்கள்தானே.

கடப்பாரையைக் கல்லில் முட்டுக் கொடுத்து நெம்புவதை நினைத்துக்கொள்ளுங்கள். பிக்கப்பின் பின் அச்சுதான் அந்தக் கல். டிரெய்லர் பூட்டும் இரும்பு உருண்டை, அதாவது குண்டு, பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கும் அதிகமாகப் பின்னால் இருக்கிறது. அங்கே 120 கிலோ அழுத்தினால் அது பின் அச்சில் 120 ஆக மட்டும் இறங்காது, முன்பக்கத்தையும் நெம்பித் தூக்கும். சக்கர இடைவெளி 3.1 மீட்டர், குண்டு பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி என்றால், முன் அச்சில் 46 கிலோ குறையும், பின் அச்சில் 166 கிலோ கூடும். இதே பிக்கப்பின் பெட்டியில் பின்கதவை ஒட்டிச் சாமான் ஏற்றினால் இன்னும் குறையும்.

ஒரு தடவை கன்னியாகுமரி போகும்போது சாத்தூர் தாண்டியதும் ஸ்டீயரிங் லேசாகிவிட்டது. எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லாம் லைட்டை அடித்துக் காட்டினார்கள். பின்பக்கம் தாழ்ந்து, என் முகப்பு விளக்கு அவர்கள் கண்ணில் அடித்திருக்கிறது. ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் பின் ஸ்பிரிங்குக்குக் காற்றுப் பை வைத்துக்கொடுத்தார்கள். பார்க்க அருமையாக மட்டமாகிவிட்டது. அடுத்த பயணத்தில் ஸ்டீயரிங் அப்படியே லேசாகத்தான் இருந்தது. எடை மேடையில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. காற்றுப் பையும் சரி, கூடுதல் ஸ்பிரிங் பட்டையும் சரி, பின்பக்கத்தின் உயரத்தைத்தான் தூக்குகின்றன. நெம்பிப் போன பாரத்தை முன்சக்கரத்துக்குத் திருப்பித் தருவதில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் டேப்பும் சாக்பீஸும் வைத்துச் செய்கிற வேலைதான்.

வாங்கும் முன்பே

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் ஒரு பெட்டியைக் கட்டிவிட்டுப் பிறகு பதிவு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்காதீர்கள். உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் நேரில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டையும் அப்போதே பேசிவிடுவது நல்லது.

அப்புறம் பிக்கப்பின் கையேட்டை எடுத்து நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு இழுக்கலாம், குண்டின் மேல் எவ்வளவு அழுத்தலாம், பின் அச்சு எவ்வளவு தாங்கும், வண்டி மொத்தம் எவ்வளவு ஏற்றலாம். குண்டின் மேல் விழும் பாரம், அதாவது டிரெய்லரின் முன்பாரம், வண்டி ஏற்றும் சுமையில் சேர்ந்தது என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான்கு பேர், பெட்டியில் சாமான், டிரெய்லரின் முன்பாரம் மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஹிட்ச் (பிக்கப்பின் பின்னால் குண்டைத் தாங்கும் அமைப்பு), குண்டு, கப்ளர் (குண்டின் மேல் கவிழ்ந்து உட்காரும் டிரெய்லரின் மூக்கு) ஒவ்வொன்றிலும் அதன் தாங்கும் திறன் பொறித்திருக்கும். எதன் எண் சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. குண்டின் அளவும் கப்ளரின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 50 மி.மீ. குண்டை அதைவிடப் பெரிய குண்டுக்கான கப்ளரில் மாட்டினால் உட்கார்ந்தது போலத்தான் தெரியும், பள்ளத்தில் விழுந்ததும் கழன்று வந்துவிடும்.

அளவெடுக்கும் இடம்

தரை மட்டமாக இல்லாவிட்டால் எடுக்கும் அளவெல்லாம் பொய். பெட்ரோல் பங்க் தளத்தில் மழைநீர் ஓடச் சரிவு வைத்திருப்பார்கள், அது வேண்டாம். எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் சிமென்ட் முற்றத்தில்தான் நான் செய்கிறேன். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஒரு பக்கமாக ஓடாமல் அப்படியே பரவி நின்றால் போதும். கொத்தனார் வைத்திருக்கும் நீளமான ரசமட்டம் ஒன்று, ஐந்து மீட்டர் டேப், சாக்பீஸ், ஒரு நோட்டு. கருவி இவ்வளவுதான்.

பிக்கப்பில் வழக்கமாகப் போகிறவர்கள் ஏறிக்கொள்ளட்டும். டீசல் நிரப்பி, டயரில் குளிர்ந்த நிலையில் காற்று சரியாக இருக்க வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் சுமையோடு ஓட்டும்போது பின்டயருக்கு எவ்வளவு என்று தனியாகப் போட்டிருந்தால் அதை வையுங்கள். இப்போது நான்கு சக்கரத்துக்கும், மையத்துக்கு நேர் மேலே, தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து நோட்டில் எழுதுங்கள். முன்சக்கர அளவுதான் முக்கியம்.

குண்டின் உயரம்

டிரெய்லரின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துவிட்டு, முன்னால் உள்ள ஜாக்கியைச் சுற்றி, பெட்டியின் அடிச்சட்டத்தில் ரசமட்டத்தை வைத்து நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கேரவனின் உள்தளத்தில் வைக்காதீர்கள், பிளைவுட் வளைந்திருக்கலாம். டிரெய்லரில் வழக்கமான சாமான் எல்லாம் ஏற்றியிருக்க வேண்டும். இந்த நிலையில் கப்ளர் குழியின் உள் மேல்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். 45 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

குண்டின் உச்சியும் 45-இல் இருந்தால் பொருந்திவிடும் என்று தோன்றும். ஆனால் பாரம் விழுந்ததும் பிக்கப்பின் பின்பக்கம் இறங்கும். ஆகவே அந்த இறக்கத்தைக் கூட்டிக் குண்டை வைக்க வேண்டும். எவ்வளவு இறங்கும் என்று தெரிய, உங்கள் முன்பாரத்துக்குச் சமமான ஆட்களைப் பம்பரின் மேல் ஏற்றி அளந்து பாருங்கள். 60 கிலோ வீதம் இரண்டு பேர் ஏறினால் என் வண்டி இரண்டரை செ.மீ. இறங்குகிறது. எனவே என் குண்டு 47.5-இல். குண்டைத் தாங்கும் வளைந்த கம்பிகள் பல உயரத்தில் வரும். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் திருப்பி மாட்டிக்கொள்ளலாம். பட்டறையில் இரும்புத் துண்டை வைத்துப் பற்றவைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளும் யோசனைக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

பூட்டிய பிறகு டிரெய்லர் மட்டமாகவோ, மூக்கு ஓரிரு செ.மீ. தாழ்ந்தோ இருக்கலாம். மூக்கு மேலே தூக்கி இருக்கவே கூடாது. பாரம் பின்னால் சாய்ந்து, முன்பாரம் குறைந்து, வேகத்தில் வாலாட்டத் தொடங்கிவிடும். நான்கு சக்கர டிரெய்லராக இருந்தால் ஒரு அச்சுக்கு மட்டும் சுமை கூடிப்போகும். மூக்கு மிகவும் தாழ்ந்தாலும் தொல்லைதான், நம் கிராமத்து வேகத்தடைகளில் ஜாக்கியின் கால் உரசிக்கொண்டு போகும்.

சாமானை எங்கே வைப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். புதியவர்கள் குறைவாகக் கொடுப்பதும் இதற்குத்தான். கேரவன் போன்ற பெட்டி டிரெய்லருக்கு மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பாரம் இருக்கட்டும் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லும் கணக்கு. ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக வைக்கிறார்கள், அங்கே இழுக்கும் வேகமும் குறைவு. நான் 11, 12 சதவீதத்தில் நிற்கிறேன். ஆனால் பிக்கப்பின் கையேடு குண்டுக்கு 100 கிலோதான் என்று சொன்னால் அதற்கு மேல் போகக் கூடாது. சதவீதம் எட்டவில்லை என்றால் டிரெய்லரைத்தான் இலகுவாக்க வேண்டும்.

கனமான பொருள் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலேயோ, தரையை ஒட்டி இருக்கட்டும். இருகோடியிலும் கனம் வைத்து நடுவில் காலியாக விட்டாலும் எடைக் கணக்கு சரியாக வந்துவிடும், ஆனால் ஒருமுறை ஆடத் தொடங்கினால் ஆட்டம் நிற்காது. தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அச்சுக்குப் பின்னால் 100 லிட்டர் தொட்டி இருந்தால், நிரப்பிப் போகும்போது ஒரு முன்பாரம், காலியாகத் திரும்பும்போது வேறொரு முன்பாரம். ராமேஸ்வரம் போகிறவர்கள் அங்கே நல்ல தண்ணீருக்கு என்ன செய்வது என்று வீட்டிலேயே நிரப்பிவிடுவார்கள். நிரப்பலாம், ஆனால் நிரப்பிய நிலையிலும் காலி நிலையிலும் இரண்டு முறை எடை பார்த்துவிட்டுப் போங்கள். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ எரிவாயு சிலிண்டர் இரும்போடு சேர்த்து 30 கிலோ பக்கம் வரும். உணவுக் கடை டிரெய்லரில் அது போன்ற இரண்டு சிலிண்டரை முன்னால் வைப்பதற்கும் பின்னால் வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். நாம் ஏறி நிற்கும் எடை மெஷின் 120, 150 கிலோவோடு நின்றுவிடும். அதனால் இப்படிச் செய்யுங்கள். மெஷினைத் தரையில் வைத்து, அதன் உயரத்துக்கே ஒரு செங்கல்லை மூன்றடி தள்ளி வையுங்கள். இரண்டின் மேலும் ஒரு தடித்த பலகை. பலகை மட்டும் காட்டும் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். செங்கல்லிலிருந்து ஓரடி, மெஷினிலிருந்து இரண்டடி வரும் இடத்தில் டிரெய்லரின் மூக்கு உட்காரும்படி ஜாக்கியை இறக்குங்கள். மெஷின் காட்டுவதில் பலகையின் எடையைக் கழித்து மூன்றால் பெருக்கினால் அதுதான் முன்பாரம். 40 காட்டினால் 120 கிலோ. அளக்கும்போது டிரெய்லர் மட்டமாக நிற்க வேண்டும், சக்கரக் கட்டைகள் இருக்க வேண்டும், அடியில் யாரும் கை விடக் கூடாது.

எடை மேடை

மதுரையைச் சுற்றி அரிசி ஆலை, பஞ்சாலை என்று எடை மேடைக்குக் குறைவில்லை. காலையில் லாரிகள் வரும் முன்பு போய், "அண்ணே, முன் வீல் மட்டும் தனியா ஒரு எடை போடணும், வண்டிய கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறேன்" என்று சொன்னால் செய்துகொடுப்பார்கள். முதலில் டிரெய்லர் இல்லாமல், பெட்டியும் காலியாக, பிக்கப்பின் முன் அச்சு தனியாக, பிறகு முழு வண்டி. அடுத்து டிரெய்லரைப் பூட்டி, பயணச் சாமானோடு முன் அச்சு மட்டும், பிறகு பிக்கப் முழுவதும் டிரெய்லரின் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி, கடைசியாக எல்லாம்.

என் எண்களைச் சொல்கிறேன். காலி பிக்கப்பில் முன் அச்சு 1080, பின் அச்சு 900 கிலோ. அந்தக் கன்னியாகுமரிச் சாமான்களை அப்படியே ஏற்றிப் பூட்டியபோது முன் 980, பின் 1310. முன்சக்கரத்தில் 100 கிலோ காணாமல் போயிருக்கிறது! டிரெய்லரின் முன்பாரம் 160, அதோடு பின்கதவை ஒட்டி 150 கிலோ ஜெனரேட்டரும் தண்ணீர்க் கேனும் வைத்திருந்தேன். ஜெனரேட்டரையும் கேன்களையும் பெட்டியின் முன்சுவர்ப் பக்கம், பின் அச்சுக்குச் சற்று முன்னால் தள்ளினேன். டிரெய்லருக்குள் அரிசியும் பாத்திரமும் இருந்த பெட்டியை அச்சுக்கு மேலே கொண்டுவந்ததும் முன்பாரம் 120 ஆனது. மறுபடி எடை போட்டால் முன் 1050, பின் 1200. ஒரு ரூபாய் செலவில்லை. காற்றுப் பையைக் கழற்றிவிட்டேன். பெரியப்பா இருந்திருந்தால் இதைப் பத்து நிமிடத்தில் செய்திருப்பார்.

சாமானை நகர்த்தியும் முன்பக்கம் எழும்பியே இருந்தால், பாரம் பகிரும் ஹிட்ச் என்று ஒன்று உண்டு. இரண்டு விற்கம்பிகள் குண்டுக்கடியிலிருந்து டிரெய்லரின் முன்சட்டத்துக்குப் போகும். சங்கிலியால் இழுத்துக் கட்டும்போது தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்குவது போலப் பிக்கப்பின் வாலைத் தூக்கி, பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கும் ஒரு பங்கை டிரெய்லர் சக்கரத்துக்கும் அனுப்பும். பூட்டியதும் முன் மட்கார்டு 2 செ.மீ. எழும்பியிருந்தால், ஏறக்குறைய 1 செ.மீ.-யாவது திரும்ப இறங்கும்வரை இறுக்குவது பொதுவான வழக்கம். உங்கள் பிக்கப்பின் கையேடு வேறு சொன்னால் அதுதான் சரி. முதல் அளவைவிடக் கீழே இறக்கிவிடாதீர்கள், பின்சக்கரம் பிடிமானம் இழக்கும். உந்தி வரும்போது தானாகப் பிடிக்கும் தள்ளு பிரேக் கப்ளர் உள்ள டிரெய்லரில், தயாரித்தவர்கள் அனுமதிக்காமல் இந்த ஹிட்ச்சைப் போடக் கூடாது. பிரேக் வேலை செய்யாமல் போகலாம்.

பூட்டும் வரிசை

குண்டு குழிக்குள் உட்கார்ந்ததும் பூட்டை அடைத்து ஊசியைப் போடுங்கள். பிறகு ஜாக்கியைச் சுற்றி டிரெய்லரின் மூக்கைத் தூக்கிப் பாருங்கள். பிக்கப்பின் வாலும் கூடவே எழும்ப வேண்டும். எழும்பாமல் கப்ளர் மட்டும் கழன்று வந்தால் அது உட்காரவே இல்லை. பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். விளக்கு ஒயரை மாட்டி, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். முன்விளக்கின் உயரத்தை ஒரு சுவரில் அடித்துப் பார்த்துத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது, குழந்தைகள் தூங்கினாலும் கூடாது.

முதல் ஓட்டம்

முதல் நாளே சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பாதீர்கள். விடியற்காலையில் மதுரை ரிங் ரோட்டில் ஒரு சுற்று, பிறகு நான்குவழிச் சாலையில் விருதுநகர் வழியாகச் சாத்தூர் வரை. 60-இல் தொடங்கி, 70-ஐத் தாண்டாமல். டிரெய்லர் வாலாட்டினால் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டியும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குத் தனி மின் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் லேசாகப் பிடிக்கலாம். நின்றதும் முன்பாரத்தைச் சோதியுங்கள், பெரும்பாலும் குறைந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் காவல்கிணறு, முப்பந்தல் பக்கமும் பாம்பன் பாலத்திலும் பக்கக்காற்று பெட்டியை அடிக்கும். அங்கே 40-க்கு இறங்கிவிடுங்கள். முப்பந்தலில் காற்றாலைகள் கூட்டமாக நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான்.

வெயிலில் ஓடிய டயரில் காற்றழுத்தம் ஏறியிருக்கும். சூடாக இருக்கும்போது இறக்கிவிடாதீர்கள், அந்த ஏற்றம் இயல்பானது. விருதுநகரில் டீக்கு நிறுத்தும்போது டிரெய்லர் சக்கரத்தின் நடுப்பகுதி, அதாவது ஹப்புக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் இறுக்கமோ பிரேக் ஒட்டுதலோ இருக்கிறது. சங்கிலி, கப்ளர் ஊசி, ஒயர் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். சாத்தூரை எட்டும்போது 75 கிலோமீட்டர் பக்கம் ஓடியிருக்கும். அங்கே நிழலாக ஒரு மட்டத் தரை பார்த்து நிறுத்தி, டிரெய்லரின் சக்கர நட்டுகளை ஸ்பேனர் வைத்து மறுபடி இறுக்குங்கள். டேப்பை எடுத்து முன் மட்கார்டை இன்னொரு தடவை அளந்து, கிளம்பும்போது எழுதிய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.